துறைமுகம் டீமின் இடக்கைக் கிழவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் வேறு யாரையும் உள்ளே விடமாட்டார். முதலில் தான் மட்டும் ஏறி, உச்சி மாடி வரை போய், ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி, கீழே வந்த பிறகுதான் கதவைத் திறந்து விடுவார். வெளியே ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒரு முறை ஒரு பெரிய ஆபீஸில் மானேஜர் கோபித்துக்கொண்டு கம்பெனிக்கே போன் செய்துவிட்டார். அதற்கெல்லாம் அசைகிற ஆளா இவர்? தான் ஏறிப் பார்க்காத லிஃப்ட்டில் இன்னொருத்தரை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாராம்.

இவ்வளவு தெளிவான மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம். பேஸ்பால். விளையாடுவது இல்லை, பார்ப்பதும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் நடக்கிற பேஸ்பால். அதிலும் நடக்காத சரித்திரத்தில் நடக்கிற பேஸ்பால்.

எனக்கே இது புரிய வெகுநாள் ஆயிற்று, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். எங்கெங்கோ தேசங்களில் இருக்கிற பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு டீம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் எப்போதோ வாழ்ந்து செத்துப்போனவர்கள். அவர்களின் பழைய ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு பழைய வருஷத்திலிருந்து சரித்திரத்தையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அவர்கள் உலகத்தில் பெரிய போர் வரவே இல்லை. போருக்குப் போய்ச் செத்தவன் அங்கே சாகவில்லை, ஊனமானவன் ஊனமாகவில்லை. எல்லாரும் ஊரிலேயே இருந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் ஆடுவது, யார் பந்து வீசுவது என்று ஒவ்வொருவரும் வாராவாரம் ஒரு ஃபைல் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் லீக் தலைவர் புரோகிராமை ஓட்டுவார். ஆட்டங்களை அதுவே ஆடி முடித்து, யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடும்.

“நல்லா இருக்கு, செத்தவங்களுக்கு வேலை போட்டுக் குடுக்கறீங்க” என்று முதலில் கேலிதான் செய்தேன். நான் வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். என் தையல் மெஷினும் அவர் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. காதை மூடிக்கொண்டா தைக்க முடியும்? கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவருடைய டீமின் பெயர் துறைமுகம். அதில் ஒரு இடக்கைப் பந்துவீச்சாளர் இருந்தார். நிஜ ரெக்கார்டில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு வரி. ஒரு கோடைக்காலம் ஆடியிருக்கிறார், பிறகு போர், பிறகு கை போய்விட்டது, அவ்வளவுதான். இந்த லீக்கில் போர் இல்லை அல்லவா? அதனால் அந்தக் கை அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் அவரை இளைஞனாக எடுத்து நாற்பது வயது வரை கொண்டுவந்து விட்டிருந்தார். நான் அவரைக் கிழவர் என்பேன். “உங்க கிழவர் இன்னிக்கு எப்படி?” என்று கேட்காமல் எந்தச் சனிக்கிழமையும் போனதில்லை.

போன சீசன் தொடங்கும்போதே தலைவர் ஒரு புது விதி போட்டுவிட்டார். வெளியே இடத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அதனால் கடைசி இடத்துக்கு வருகிற டீம் கலைக்கப்படும். அதை நடத்துகிறவர் வெளியேற வேண்டும், ஆட்டக்காரர்களை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். கிழவரை யாராவது எடுப்பார்களா? நாற்பது வயதுக்காரரை எவன் சீண்டுவான்? யாரும் எடுக்காவிட்டால் அவருக்கு அத்தோடு ஓய்வு, பெயரையே எடுத்துவிடுவார்கள்.

இதை என்னிடம் சொன்ன அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சீசனின் முதல் பாதியில் துறைமுகம் வாங்கிய அடிக்கு அளவே இல்லை. வாரம் தவறாமல் தோல்வி. வயதானவர்களை விற்றுவிட்டு இளசுகளை எடு என்று லீக்கில் எல்லாரும் அறிவுரை சொன்னார்கள். கேட்டால்தானே? பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை இவர். என் அண்ணன் ஒருவன் இருக்கிறான், சோபா நாற்காலிக் கடை வைத்திருக்கிறான், வாய் சும்மா இருக்காது. வருகிறபோதெல்லாம் மாப்பிள்ளையின் டீம் எந்தக் குழியில் விழுந்து கிடக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேலி செய்யலாம், இவன் யார் செய்வதற்கு?

பிறகு ஒரு சனிக்கிழமை கிழவர் ஆடினார் பாருங்கள். எதிர் டீமில் ஒருத்தரால்கூட அவர் பந்தை அடித்து ஓட முடியவில்லை. ஒருத்தர்கூட! கடைசி ஆள் அவுட் ஆனதை இவர் வாசித்தபோது நான் கத்திய கத்தலில் ஊசி விரலில் ஏறிவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டே சிரித்தேன். அதற்கப்புறம் துறைமுகம் தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. கடைசி வாரம் வந்தபோது கீழே இரண்டே டீம்கள்தான் சமமாக நின்றன, துறைமுகமும் சுரங்கமும். கடைசி ஆட்டமும் அவர்கள் இருவருக்குள்தான். தோற்றவர் வெளியே.

சுரங்கம் டீமை நடத்தியது ஏதோ ஒரு தேசத்துப் பல் டாக்டரம்மா. இவரும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனும் வந்திருந்தான். கிழவர்தான் பந்து வீசினார். முடிவு வந்தது. பதினான்குக்கு இரண்டு, துறைமுகம் ஜெயித்துவிட்டது! அண்ணனே எழுந்து கை தட்டினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது தெருமுனை வரை மாப்பிள்ளை புராணம் பாடிக்கொண்டே போயிருப்பான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டத்தை ஒவ்வொரு பந்தாகத் திரும்பப் படிப்பது இவர் வழக்கம். படித்துக்கொண்டே வந்தவர் முகம் மாறியது. என்ன என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் பந்து வீசியவன் பந்துவீச்சாளனே இல்லை என்றார். விஷயம் இதுதான். டாக்டரம்மா அவசரத்தில் இந்த வாரத்து ஃபைலுக்குப் பதிலாகப் போன சீசன் ஃபைலை அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்திருக்கிறார். அதில் பந்து வீச வேண்டியவன் போன வருஷமே ஓய்வு பெற்றுப் போய்விட்டான். ஆளைத் தேடிய புரோகிராம், ஆள் இல்லை என்றதும், வாழ்நாளில் பந்தே வீசியிராத ஒருத்தனைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டது.

அனுப்பியது அனுப்பியதுதான் என்பது அவர்கள் விதி. ஜெயித்தவரே கேட்டால் ஒழியத் திருப்பி ஆட முடியாது. டாக்டரம்மாவும் தவறு தன்னுடையதுதான், வாழ்த்துகள், போய் வருகிறேன் என்று மரியாதையாக எழுதிவிட்டார். அப்புறம் என்ன? முடிந்தது இல்லையா?

முடியவில்லை. இவர் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

“ஏங்க, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“பந்து போடத் தெரியாதவனை அடிச்சிருக்கோம். அதைப் போய் ஜெயிச்சேன்னு எப்படிச் சொல்றது?”

“திரும்ப ஆடித் தோத்தீங்கன்னா? டீம் போயிடும். கிழவர் போயிடுவார். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சது இதுக்குத்தானா?”

தட்டைத் தள்ளி வைத்தார். “நான் ஏறிப் பாக்காத லிஃப்ட்ல அவரை ஏத்தி அனுப்ப மாட்டேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டாக்டரம்மாவுக்காக மனசு உருகுதோ என்றுகூடக் குத்திக் காட்டினேன். சிரித்தார். அன்றே, ஆட்டத்தைத் திரும்ப ஆட வேண்டும் என்று தலைவருக்கு எழுதிவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், வாயைத் திறக்கவில்லை. மெஷினை மட்டும் கடகடவென்று ஓட்டித் தள்ளினேன். திரை ஒன்று கோணலாகப் போய், அதைப் பிரித்து முதலிலிருந்து தைக்க வேண்டியதாயிற்று. பிரிக்கும்போது இப்படியே கொடுத்தால்தான் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் பிரித்தேன். அப்போதும் அவரோடு பேசவில்லை, அது வேறு.

அடுத்த சனிக்கிழமை, வீம்பாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தலைவர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார் என்று இவர் தனக்குள் சொல்லிக்கொண்டதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கோபம் கோபம்தான், ஆட்டம் ஆட்டம்தான். இந்த முறை முடிவை மொத்தமாகப் போடாமல், ஒவ்வொரு இன்னிங்ஸாகப் போட்டார் தலைவர். பன்னிரண்டு பேரும் அங்கங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் தன் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. களைத்தாலும் கிழவரை இறக்காதே என்று அதில் ஒரு கட்டளை இருந்தது. அதையாவது எடுத்துவிடுங்கள் என்று அன்று காலையில்தான், அந்த வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து கெஞ்சியிருந்தேன். தவறாக அனுப்பியது அந்த அம்மா, திருத்த வேண்டியதும் அந்த அம்மா மட்டும்தான், நான் கை வைத்தால் அது வேறு ஆட்டமாகிவிடும் என்றார்.

கிழவர் என்னமாய் வீசினார்! எதிரே இப்போது சரியான பந்துவீச்சாளன். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் எங்கள் ஆட்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட். கடைசியாக ஆட வேண்டியது சுரங்கம். கிழவர் களைத்துவிட்டார் என்று புரோகிராம் எழுதியது. ஒருத்தன் அடித்து இரண்டாவது பேஸில், அதாவது ஒரு ரன்னுக்குப் பாதி வழியில், போய் நின்றான். அடுத்த இரண்டு பேரைக் கிழவர் வீழ்த்திவிட்டார். இன்னும் ஒரே ஒருத்தன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஒருத்தன் சொத்தையாக ஒரு அடி அடித்தான். பந்து மெதுவாக எழும்பி, எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவே யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. பாதி வழியில் நின்றவன் ஓடி வந்து சேர்ந்துவிட்டான், மூன்றுக்கு இரண்டு. தோற்றுவிட்டோம்.

நான் அழுதேன். வெட்கம் என்ன, அழுதேன். இவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, டாக்டரம்மாவுக்கு வாழ்த்து எழுதினார். கிழவர் நன்றாக வீசினார், அதில் தனக்கு நிம்மதி என்றும் எழுதினார். பொய் இல்லை, முகத்தில் அந்த நிம்மதி தெரிந்தது. இந்த மனுஷனையா வாரம் முழுக்க வாட்டினோம் என்று எனக்கு ஆகிவிட்டது. கல்யாணத்தன்றுகூட இவர் மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை. அதை வாய்விட்டும் சொன்னேன். “போதும், தட்டு எடுத்து வை” என்றார்.

துறைமுகத்தின் ஆட்களைப் பிரிக்கிற நாள் வந்தது. மிச்ச டீம்களில் கீழே இருக்கிறதற்குத்தான் முதல் உரிமை, அதாவது டாக்டரம்மாவுக்கு. துறைமுகத்தில் துடிப்பான பையன்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், எல்லாருக்கும் அவர்கள் மேல்தான் கண். அந்த அம்மா கிழவரை எடுத்தார். முதல் வாய்ப்பை ஒரு நாற்பது வயதுக்காரருக்குப் போய் வீணாக்குவதா என்று மற்றவர்கள் சிரித்தார்களாம். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இவருக்குத் தனியாக ஒரு வரி மட்டும் எழுதினார். கிழவர் வீசுகிற நாளெல்லாம் சுரங்கத்தின் ஃபைலை இவர்தான் எழுதி அனுப்ப வேண்டுமாம். தலைவரிடம் அதற்கு அனுமதியும் வாங்கிவிட்டாராம்.

இவர் அதை வாசித்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் தூசி ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவன் மனசில் துறைமுகம் பதினான்குக்கு இரண்டில் ஜெயித்ததோடு நின்றிருந்தது. புது சீசனின் முதல் சனிக்கிழமை, காப்பிக்கு வந்தவன், கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்திருந்த இவரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை டீம் இந்த வருஷமும் தூள் கிளப்புமா என்று கேட்டான். டீம் இப்போது இல்லை, கிழவர் மட்டும் வேறு டீமில் இருக்கிறார் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

“ஏன், ஜெயிச்சாரே?”

“தோத்துட்டார் அண்ணா” என்றேன். “கேட்டு வாங்கித் தோத்தார்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான், இவர் முதுகைப் பார்த்தான். பிறகு, வாய் சும்மா இராத என் அண்ணன், கேலி எதுவும் செய்யாமல் என் தையல் மெஷின் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “கிழவர் இன்னிக்கு ஆடறாரா மாப்பிள்ளை?” என்று கேட்டான்.

“ஆடறார்” என்றார் இவர்.