சிமெண்டுத் தரையில் ஒரு பேட்டரி

என் தம்பி ஓரெஸ்ட்டைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அவன் வண்டி பேட்டரி ஒருநாளும் படுத்ததில்லை. மற்றபடி அவன் எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

பேட்டரி வாங்க அவன் டவுனுக்குப் போகிறான் என்றால் கடைக்கார லோர்ன் பின்கட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வான். ஒருமுறை நானும் கூட இருந்தேன், மாட்டிக்கொண்டேன்.

“பின் வரிசையில இருந்து எடு லோர்ன்.”

“எல்லாம் ஒரே சரக்குதான் ஓரெஸ்ட்.”

“அப்ப முன்னாடி இருக்கறத உன் வண்டியில மாட்டிக்கோ. என்னைக்கு செஞ்சதுன்னு தலையிலயே ஒட்டியிருக்கு பாரு. போன கோடையில செஞ்சது, அலமாரியில தூங்கியே பாதி செத்திருக்கும். எனக்குப் புதுசு வேணும்.”

புதுசு வந்ததும் குளிரில் எஞ்சினைச் சுழற்ற எவ்வளவு தெம்பு என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தான். அதைவிடப் பெரிய எண் இருக்கிறதா என்று கேட்டான். ப்ளஸ் முனை எந்தப் பக்கம், தட்டில் சரியாக உட்காருமா, பக்கவாட்டில் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான்.

“ஒடிலைக் கட்டிக்கும்போது இதுல பாதி விசாரிச்சியாடா?” என்றேன்.

“அவளை மாத்தணும்னா முடியாதுக்கா. இதை மாத்தலாம். அதான் பாத்து வாங்கறேன்.”

லோர்ன் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். இன்று நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வாங்கிய பிறகு பாதுகாக்கிற கதை தனி. எங்கள் ஊர் நார்த் ஃபோர்க்கில் குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு வண்டியின் மூக்கிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். வாசலில் ஒரு கம்பம், அதில் பிளக். ராத்திரி செருகிவிட்டால் உள்ளே இருக்கும் ஹீட்டர் ஓடி எஞ்சின் சூடாகக் கிடக்கும், காலையில் கிளம்பிவிடும். ஊர் உலகம் இப்படித்தான் பிழைக்கிறது. ஓரெஸ்ட்டும் செருகுவான். ஆனால் அது போதாது. சாயங்காலம் ஆனதும் ஸ்பேனரோடு வந்து பேட்டரியைக் கழற்றி, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறைக்கு இறங்குவான். மின்சாரம் வராத காலத்தில் எங்கள் அப்பா அப்படிச் செய்தார். அப்பாவுக்கு வேறு வழி இல்லை. இவனுக்கு என்ன கேடு?

நிலவறையில் அதற்கு ஒரு பலகை. சிமெண்டுத் தரையில் நேராக வைக்கவே கூடாது, சிமெண்டு பேட்டரியின் உயிரை உறிஞ்சிவிடும் என்பான். இதை மட்டும் நான் கேலி செய்ததில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அப்பா சொன்னார், பாதிரியார் சொன்னார், கோதுமைக் கிடங்கில் வேலை செய்த அத்தனை பேரும் சொன்னார்கள். பால் திரிந்தால் புளிக்கும் என்பது மாதிரி, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை.

அறுவடை முடிந்தால் பனி உருகும்வரை அவனுக்கு வேலை கிடையாது. பகலெல்லாம் கூட்டுறவுக் கடையில் ஆம்பளைகள் காபி குடித்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவார்கள். அதற்கும் தன் வண்டியை எடுக்க மாட்டான். பக்கத்துப் பண்ணை வால்ட்டர் வந்து ஏற்றிக்கொண்டு போவான். தன் பேட்டரி ஓய்வெடுக்க வேண்டுமாம். யாராவது வண்டி நின்றுபோய், இவன் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பிக்கொள்ள பூஸ்ட் கேட்டால், “என்னோடது பலவீனமா இருக்கு” என்று கைவிரிப்பான். எங்கள் ஊரில் பூஸ்ட் கேட்டு இல்லை என்று சொன்னவன் அவன் ஒருவன்தான்.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைத்தோம். ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒடிலுக்கு வேலை கிடைத்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

ஒடில் அவன் மனைவி. தெற்கே பிரெஞ்சு பேசும் ஊர்க்காரி. எங்கள் உக்ரேனியக் குடும்பத்துக்குள் வந்து, உருளைக்கிழங்கு வைத்துப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கக் கற்று, என் அம்மாவின் குத்தல் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து நகரத்துக்கு அனுப்பிவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் டவுனில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்கு எடுத்தார்கள். விடியுமுன் அங்கே இருக்க வேண்டும். கிழங்கள் பசி தாங்காது. வீட்டில் இருப்பது ஒரே வண்டி, குளிர்காலத்தில் சர்ச்சுக்குத் தவிர ஓரெஸ்ட் தொடாத வண்டி. நான் கொண்டுபோய் விடலாம்தான்; ஆனால் அதே நேரத்தில் நான் பள்ளிப் பேருந்தை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் போக வேண்டும்.

குளிர் இறங்கியதும் அவன் ஆரம்பித்தான். அவள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பாள், இவன் போர்வைக்குள்ளிருந்து, “இந்தக் குளிர்ல பேட்டரிய வெளிய கொண்டுபோனா செத்துரும், கொஞ்சம் வெயில் வரட்டும்” என்பான். வெயில் வரும்போது கிழங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், வெடித்து முகம் வெந்துவிடும் என்று மிரட்டுவான். சமையலறை மேற்பார்வைக்காரி எச்சரித்தாள். பிறகு கடைசியாக ஒரு எச்சரிக்கை போனில் வந்தது: இன்னொரு நாள் தாமதம் என்றால் வர வேண்டாம்.

அன்று மதியம் ஒடில் பனியில் நடந்தே என் வீட்டுக்கு வந்தாள். இமையெல்லாம் உறைபனி. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று கத்தினாள்.

“அதைக் கொல்லப் பாக்கறேன் அண்ணி, சாகவே மாட்டேங்குது!”

“யாரை? ஓரெஸ்ட்டையா?”

“பேட்டரிய! தினமும் அவர் தூங்கினதும் கீழ போய் பலகையில இருந்து சிமெண்டுத் தரைக்குத் தள்ளிவிடறேன். விடியறதுக்குள்ள திரும்பத் தூக்கி வெச்சுடறேன். செத்துப்போச்சுன்னா வேற வழியில்லாம கேடு கெட்டதைத் தூக்கிப்போட்டு, புதுசு வாங்கி, எல்லாரையும் மாதிரி அதை வண்டியிலயே விட்டுவைப்பார்ல? ஒரு மாசமா பண்றேன். ஒண்ணும் ஆகல. நேத்து சர்ச்சுக்குப் போக மாட்டினார், ஒரே சாவியில கிளம்பிடுச்சு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். “சிமெண்டுலயா? ராத்திரி முழுக்கவா?”

“ராத்திரி முழுக்க.”

“ஒண்ணும் ஆகலையா?”

“அதான் சொல்றேனே அண்ணி!”

எனக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, பாதிரியாரின் முகமும் வந்தது. இத்தனை வருஷமும் நானும்கூட என் பேருந்தின் உபரி பேட்டரியைப் பலகை மேல்தான் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஒடில் சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது பொய்யின்னா, நான் மாட்டினா வெடிக்கும்ங்கறது?”

“கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. ஸ்பேனரை ரெண்டு முனைக்கும் நடுவுல போடாத. அவ்ளோதான்டி. நான் பேருந்துக்கு எத்தனை தடவை மாட்டியிருக்கேன்.”

“இதை ஏன் இத்தனை நாளா எனக்கு சொல்லல?”

“நீ கேக்கலையே!”

“நீங்க எல்லாரும் சேர்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. யாரைக் கேக்கறது?”

சுரீர் என்றது. பேருந்துச் சாவியை எடுத்தேன்.

லோர்ன் எங்களைப் பார்த்ததும், “ஐயோ, ஓரெஸ்ட் வெளிய நிக்கறானா?” என்று எட்டிப் பார்த்தான்.

“அவர் இல்ல. பேட்டரி எனக்கு” என்றாள் ஒடில்.

“உங்க வீட்ல நல்லது ஒண்ணு இருக்கே அம்மா. நான்தான குடுத்தேன்.”

“அது அவரோடது. பின் வரிசையில இருந்து எடுங்க.”

கணவன் கேட்ட கேள்வியெல்லாம் அவளும் கேட்டாள். பிறகு அவன் கேட்காத ஒன்றையும் கேட்டாள்: “பிளக் போடாம விட்டாலும் இந்த ஊர்க் குளிர்ல எஞ்சினை எழுப்புமா?” லோர்ன் தலையைச் சொறிந்துகொண்டு, தான் முதலில் கை காட்டிய பேட்டரியை விட்டுவிட்டு உள்ளேயிருந்து கனமான வேறொன்றைத் தூக்கி வந்தான். “இது எழுப்பும். முக்கும், முனகும், ஆனா எழுப்பும்.”

ஓரெஸ்ட் காபிக் கூட்டத்தில் இருந்தான். நாங்கள் அவன் வாசலிலேயே மாட்டினோம். முனைகளைத் துடைத்து, ப்ளஸ் இறுக்கி, மைனஸ் இறுக்கி, ஆடாமல் இருக்கப் பட்டையையும் கட்டினாள். முகம் வேகவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, என் பேருந்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் கம்பத்தில் செருகினாள். அன்று என் வீட்டிலேயே தங்கினாள்.

சாயங்காலம் போன் வந்தது.

“அக்கா, வண்டிய திருடிட்டாங்க!”

“இங்கதான் நிக்குது.”

“எப்படி? பேட்டரி கீழ இருக்கே. நான் இப்பதான் பாத்தேன்!”

“உன் பேட்டரி பத்திரமா இருக்குடா. கட்டிப் பிடிச்சுத் தூங்கு” என்று போனை வைத்தேன்.

காலையில் மைனஸ் நாற்பது. மூக்கு மயிரெல்லாம் ஒட்டிக்கொள்கிற குளிர். நாங்கள் கதவைத் திறந்தபோது ஓரெஸ்ட் வண்டிக்கு முன்னால் நின்றிருந்தான், கையில் ஸ்பேனர். வண்டியின் வயர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டுப் பனியில் கிடந்தது. அதன் மேல் உறைபனி பூத்திருந்தது. அப்படியென்றால் பிடுங்கி வெகுநேரம் ஆகியிருக்கிறது. ராத்திரியே நடந்து வந்து பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறான். கை ஓங்கினால்கூட எங்கள் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள். குளிரில் அடுத்தவர் வண்டியின் பிளக்கைப் பிடுங்கியவனோடு யாரும் ஒரு மேசையில் உட்கார மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீயாடா பிடுங்கின? நீ மனுஷனாடா?”

“என் வண்டி. நான் என்ன வேணா பண்ணுவேன்.”

“ரெண்டு பேர் பேர்லயும் இருக்கற வண்டி” என்றாள் ஒடில். “தள்ளு.”

“கிளம்பாது ஒடில். கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. இன்னைக்கு ஒருநாள் விடு. அந்தக் கிழங்களுக்கு கஞ்சி ஊத்த வேற ஆளே இல்லையா?”

“இன்னைக்கு போகலைன்னா நாளைக்கு எனக்கு அங்க வேலை கிடையாது. உனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் பிடுங்கின.”

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது. ஓரெஸ்ட்டின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் அந்தச் சிரிப்பின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது எனக்கு. மறுபடி திருப்பினாள். முக்கியது, இழுத்தது, இருமியது. பிறகு பிடித்துக்கொண்டு உறுமியது. வெள்ளைப் புகை எங்கள் மூன்று பேரையும் மூடியது.

புகை கலைந்தபோது அவன் சிரிக்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றான். அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

“நல்ல பேட்டரிதான்” என்றான்.

“தெரியும்.”

“ஒடில்.” பேட்டரியைப் பற்றி இல்லாத ஒரு வார்த்தையை அன்றுதான் அவன் வாயிலிருந்து கேட்டேன். “உனக்குன்னு வண்டி கிளம்ப ஆரம்பிச்சுட்டா, நீ ஒருநாள் போயிட்டு வராம இருந்துட்டா?”

அப்படியானால் இத்தனை வருஷம் அவன் அந்தப் பலகை மேல் எதைக் காத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குப் புரிந்தது. இரக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஒடில் அவனை நேராகப் பார்த்தாள். “இதுவரைக்கும் போன ஒவ்வொரு தடவையும் வந்தேன்ல? நீ பேட்டரிய கழட்டி வெச்சதால ஒண்ணும் வரலையே, நானாத்தான வந்தேன்.”

கண்ணாடியை ஏற்றினாள். அவன் ஒதுங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பனி நொறுங்கும் சத்தத்தோடு பெரிய ரோட்டில் ஏறி டவுன் பக்கம் திரும்பியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ஓரெஸ்ட் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பேருந்து எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

“அவ சொன்னதுக்கு என்னக்கா அர்த்தம்? சாயங்காலம் வருவாளா?”

“என்னை ஏன்டா கேக்கற?” என்றேன். “வந்தா அவளையே கேட்டுக்கோ.”

‘வந்தா’வை வேண்டுமென்றே இழுத்துத்தான் சொன்னேன்.