நான்கு நொடிக் காளை

ஒரு பகல் முழுக்க நான் மாடாக இருந்திருக்கிறேன். கழுத்தில் மணி, கை கால் நான்கும் மேஜை மேல், முகத்தில் காளையின் கம்பீரம் என்று நான் நம்பிய ஏதோ ஒன்று. அதைவிட வெட்கக்கேடு, அதைப் பல வருஷம் பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தது. கல்யாணமான புதிதில் மனைவியைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய், "இப்ப நான் வருவேன் பாரு" என்று முழங்கையால் இடித்தேன். திரையில் ஒரு காளை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. அவள் முழுத் திரையையும் தேடிவிட்டு, "எங்கீங்க, காணோம்?" என்றாள்.

கோவை ஏரியாவுக்குப் படம் வாங்கி வெளியிடும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அப்போதெல்லாம் படப்பெட்டியோடு பஸ் ஏறி பொள்ளாச்சி, உடுமலை என்று போய் இறங்குவேன். எந்தப் படமானாலும் முதல் ரீலின் தலையில் எங்கள் கம்பெனி பெயர் இருக்கும் துண்டை ஒட்டித்தான் அனுப்புவோம். அது வெறும் எழுத்தாக இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த எங்கள் முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்தது. "நம்ம தோட்டத்துக் காளை வரோணும். தலையத் திருப்போணும். மணி அடிக்கோணும். அப்பறந்தான் பேரு வரோணும்" என்றார்.

வரைய வந்தவர் ஒரு இளம் பெண். ஓவியம் படித்துவிட்டு பெரியநாயக்கன்பாளையத்தில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாதான் முதலாளி தோட்டத்தில் அந்தக் காளைக்குத் தீனி வைத்து, தண்ணி காட்டி, கழுவிவிட்டு, ராத்திரி பகல் பார்த்துக்கொண்டவர். அதனால் திமில் எங்கே சரியும், தாடை எப்படி ஆடும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பார்க்காமலே தெரியும். ஒன்றுதான் சிக்கல். தலை திரும்புவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாற்பத்தெட்டு படங்களாக வரைய வேண்டும். அவற்றைச் சென்னையில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம் பிடித்தால் நான்கு நொடி ஓடும். காளையோ சொன்னால் திரும்பாது, திரும்பினால் நிற்காது.

"ஆபீசுல சொன்ன பேச்சக் கேட்டு அசையாம நிக்கிற ஆளு யாரப்பா?" என்று முதலாளி கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ங்ணா, இன்னுங் கொஞ்சம் எடது பக்கமுங்க. நில்லுங்க. மூச்சு உடாதீங்க" என்று அந்த அம்மணி வரைந்துகொண்டே இருந்தார். டீ கொண்டுவந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, இவருக்கு டீயுங்களா, புண்ணாக்குங்களா?" என்றார். மூன்று நாள் எனக்குக் கழுத்து திரும்பவில்லை.

ஆனால் திரையில் பார்த்தபோது அது அசல் காளை. பின்னங்கால் குளம்புக்குக் கீழே, புல்லோடு புல்லாக, தன் பெயரின் இரண்டு எழுத்தை அவர் பொடியாக வரைந்திருந்தார். என்னிடம் மட்டும் காட்டினார். "எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதுங்ணா. ஆனா எடத்தக் காட்டிட்டேன். அவுரு அதத்தான் பாப்பாரு, மாட்டப் பாக்க மாட்டாரு."

அந்த இரண்டு எழுத்துக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை. எழுத உட்காரும்போதே எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

பெட்டி போய் கம்ப்யூட்டர் வந்தது. அதே காளையை ஸ்கேன் செய்து, மேலே தங்க நிறம் பூசி, பின்னால் மின்னல் விட்டார்கள். மணிச் சத்தத்தை எடுத்துவிட்டு இடி போட்டார்கள். முடித்துக்கொண்டு வந்த பையன், "கால்கிட்ட ஏதோ தூசி இருந்துச்சுங்க, க்ளீன் பண்ணிட்டேன்" என்றான். அது தூசி இல்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆபீஸ் ஆள் நான். "நல்லா இருக்குதுங்க தம்பி" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு தூசிக்காக வேலையை நிறுத்துவானேன் என்று அப்போது தோன்றியது. அந்தந்த நேரத்தில் எனக்குத் தோன்றுவதெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

பிறகு முதலாளிக்கு வயதாகி, மகன் பொறுப்புக்கு வந்தார். ஆபீசில் அவரைச் சின்னவர் என்போம். அவருக்குக் காளை முப்பரிமாணத்தில் வேண்டும். எங்கோ தூரத்துக் கம்பெனி ஒன்று செய்து என் போனுக்கு அனுப்பியது. பஸ்ஸில் நின்றுகொண்டே, கட்டைவிரல் அளவுப் படத்தைப் பார்த்து, "சூப்பர்" என்று அனுப்பினேன். வெளியானது பொள்ளாச்சியில், மாட்டுச் சந்தை நாளில், மதியக் காட்சி. மாடு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பாதித் தியேட்டர். தங்கக் காளை சுழன்று வந்து முன்னங்காலைத் தூக்கியது. அடிவயிற்றில் கனமான மடி ஆடியது.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க, காளை நேரத்துக்கு எத்தன லிட்டருங்க கறக்கும்?" தியேட்டரே இடிந்தது. இன்னொருவர், "கன்னு எத்தனைன்னு கேளுங்க மொதல்ல" என்றார். நான் இருட்டில் உட்கார்ந்து, சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சரிசெய்ய யாரைக் கூப்பிட்டோம்? அதே அம்மணியைத்தான். இப்போது அவருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாக ஸ்டிக்கர் கடை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, மடியை எடுக்கச் சொன்னார், திமிலைப் பின்னால் தள்ளச் சொன்னார், கொம்பின் வளைவை பென்சிலால் போட்டுக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அது மறுபடியும் காளையானது. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ரெண்டு எழுத்தக் காணோமுங்களே, ங்ணா. போச்சாது போகட்டும். எப்பவாச்சும் ஒரு தடவ, முழுப் பேரா, எங்கப்பன் இருக்கறப்பவே திரையில போடுங்க."

"அது என் பொறுப்பு அம்மணி" என்றேன். நெஞ்சில் கை வைத்து வேறு சொன்னேன்.

போன வருஷம் அதற்கு நேரம் வந்தது. கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு எங்கள் காளையின் வரலாற்றை ஒரு வீடியோவாகப் போட முடிவானது. எழுதுவது நான். குரல் கொடுப்பதும் நான்தான், எனக்குக் கொஞ்சம் கனத்த தொண்டை. முதல் பக்கத்திலேயே வரைந்தவர் என்று அவருடைய பெயரை முழுதாக எழுதிக் கொண்டுபோனேன். சின்னவர் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு அடித்தார்.

"ஏனுங்ணா, இது எதுக்குங்க?"

"அவங்கதானுங்களே தம்பி வரைஞ்சது."

"மாடு எங்க மாடுங்ணா. அவங்கப்பன் எங்க பண்ணையத்துல இருந்தவரு. எங்க மாட்டப் பாத்துத்தானே வரைஞ்சாங்க? எங்கய்யன் கனவுல கண்ட காளைன்னு போடுங்க. கேக்கறதுக்கு நல்லா இருக்குமுங்க."

கையைக்கூட ஓங்காமல், 'ங்க' ஒன்றையும் விடாமல், ஒரு மனுஷியை இப்படி அழிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை மரியாதை! அந்த மாட்டுக்குத் தீனி வைத்தவரும் அவர்கள் ஆள், அதனால் அவர் மகளின் கையும் அவர்கள் கை. என் உடம்பு கொதித்தது. கொதித்த உடம்போடு நான் என்ன சொன்னேன்?

"சரிங்க தம்பி."

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வெறும் கனவு மொட்டையாக இருக்கிறதே என்று, 'அதிகாலைக் கனவு' என்று திருத்தியவன் நான். என்னைச் செருப்பால் அடித்தாலும் அந்த 'அதிகாலை'க்குப் போதாது.

விழா அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில். அந்த அம்மணிக்கு அழைப்பிதழைக் கொடுத்தவனும் நான்தான். பெயர் இல்லை என்று சொல்ல நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அவர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சலவை வேட்டி, புதுத் துண்டு. பெரியவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. தூசி துடைத்த ஸ்கேனிலிருந்து எடுத்த முதல் காளை வந்தது. என் கழுத்து, அம்மணியின் கை. "முதலாளி அவர்கள் அதிகாலைக் கனவில் கண்ட காளை" என்று என் குரல் ஹால் முழுக்க முழங்கியது. சுற்றிலும் கைதட்டினார்கள். தங்கக் காளை வந்தது, முப்பரிமாணக் காளை வந்தது. பெரியவர் திரையின் கீழ் மூலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"எம் புள்ள பேரு எப்பங்க வரும்?"

எங்கே போனாலும் பேசிச் சிரிக்கவைக்கும் வாயால் நான் சர்வரிடம் தண்ணீர் கேட்டேன். அந்தப்பக்கமிருந்து மகள்தான் சொன்னார்: "வந்துருச்சுங்கப்பா. நீங்க கவனிக்கல." பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் கைதட்டினார். சாப்பிடாமல் இருவரும் கிளம்பினார்கள்.

மறுநாள் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சின்னவரைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கினேன். திட்டத்தான் இப்போது நேரம் கிடைத்திருக்கிறது. கடையில் அவர் ஒரு பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. என் வழக்கமான ஆயுதத்தை எடுத்தேன்.

"என்ன அம்மணி பண்றது, எம் பேருங்கூடத்தான் வரல. அந்தக் கழுத்து யாரோடதுன்னு எவனுக்குத் தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. சின்னவர் அடித்த கோட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த அதிகாலையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வெட்டிய எழுத்தை நிதானமாக ஒட்டி, விரலால் நீவிவிட்டு, நிமிர்ந்தார்.

"ஒரு பகலுக்குத்தானுங்ணா உங்கள மாடா இருக்கச் சொன்னேன். எந்திரிச்சுப் போயிருக்கலாமல்லங்க."