மார்கழியில் எடுத்த கார்

மின்சாரக் காருக்கு ரோடு டாக்ஸ் கிடையாது என்பதால்தான் நாங்கள் அதைப் பார்த்து வைத்திருந்தோம். அந்தச் சலுகை டிசம்பரோடு முடிகிறது என்றார் ஷோரூம்காரர். நாங்கள் கேட்ட வண்டி வந்து சேர்வதே டிசம்பர் கடைசியில்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடிப் பள்ளிக்கு வருடக்கணக்காகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற டீச்சர் நான். வரியும் சேர்ந்தால் அந்தக் கார் எங்கள் கைக்கு எட்டாது.

அதைவிடப் பெரிய தடை வீட்டில் இருந்தது. டிசம்பர் பாதியிலேயே மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் என் மாமியார் புதிதாக ஒரு விளக்குமாறு வாங்கக்கூட விடமாட்டார்.

"தையில எடுத்துக்கலாம். காரு எங்கிட்டு ஓடிறப் போகுது?" என்றார்.

"தையில எடுத்தா வரி கட்டணுங்க அத்தை. நம்மளால முடியாது."

என் கணவர் வழக்கம்போல நைசாக எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. எனக்குப் பதில் பாத்திரங்கள் பேசின.

மூன்றாம் நாள் அத்தை அடுப்படிக்கு வந்தார். "மார்கழிய சாமிக்குன்னுதான ஒதுக்கி வச்சுருக்காக. அப்ப மொத ஓட்டம் சாமிகிட்டயே போயிட்டாக் குத்தமில்ல. கடையில இருந்து நேரா ஆவுடையார்கோவிலு. நடுவுல எங்கிட்டும் நிக்கப்புடாது."

அன்று மாலையே ஷோரூமுக்குப் போய் முன்பணம் கட்டினேன்.

வண்டி எடுக்கிற நாள் வந்தது. கையெழுத்துகள் முடிந்து பதிவு எண் வர மதியமாகிவிட்டது. நான்தான் ஓட்டினேன். வழியில் ஒரு டீ குடிக்கலாம் என்று கணவர் கெஞ்சிப் பார்த்தார். அத்தை மசியவில்லை. கோவில் வாசலில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாமி கும்பிட்டு வந்த பிறகுதான் கணவருக்கு டீ கிடைத்தது.

ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக நின்றவர் திடீரென்று போனை என் பக்கம் நீட்டினார். "சலுகைய நீட்டிச்சுட்டாங்களாம். தையிலயே எடுத்திருக்கலாம்."

இத்தனை பிடிவாதமும் வீண்தானா? அத்தை முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் நிதானமாக டீயை ஊதினார். "காலையிலயே டிவியில சொன்னாக."

"ஏங்க அத்தை சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். விடியமுன்னே தலைக்குக் குளிச்சுட்டு, நீ கண்ணாடி முன்னாடி நின்னு வெறுங்கையிலயே ஸ்டியரிங்க திருப்பிக்கிட்டு இருந்த. அதைப் பாத்துட்டு எனக்கு வாய் வரல."

எனக்கு வெட்கமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா போன பிறகு, என் ஆசைக்காக ஒருவர் தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். திரும்பும்போது கணவரைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு அத்தையை என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.