தம்பியின் தோலும் அம்மாவின் கிரகணமும்

என் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங்கில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும். அவனிடம் கேட்க மாட்டார்கள், அம்மாவிடம் கேட்பார்கள். இவன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாயா என்று. அம்மா ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. ஆமாம், கொடியில் துணி கிடந்தது, தெரியாமல் எடுக்கப் போய்விட்டேன் என்பார். கடைக்காரர் கேட்டாலும் அதே பதில். கோயிலில் முன்பின் தெரியாதவர் கேட்டாலும் அதே பதில். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கேட்கிறவர்கள் மேல் பாதி, இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற அம்மா மேல் பாதி.

தம்பி பிறந்தது மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, இரண்டு வருஷம் முன்பு. எனக்கு அப்போது ஐந்து வயது. நடக்க ஆரம்பித்த பிறகு அவன் கன்னத்திலும் மூக்கிலும் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் வந்தன. சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடாங் மைதானத்துக்குப் போனார். பொதுப்பணித் துறையில் கணக்கு எழுதும் கிராணி அவர். கொடி ஏறுவதை மகன் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். காலையிலிருந்து மத்தியானம்வரை திறந்த வெளியில் நின்றார்கள். அடுத்த வாரம் புள்ளிகள் கழுத்துவரை இறங்கிவிட்டன, கண் சிவந்து வீங்கிவிட்டது. அம்மாதான் தனியாக அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து, இவன்மேல் வெயிலே படக்கூடாதாம் என்று மட்டும் சொன்னார்.

கிரகணக் கதையை ஊருக்கெல்லாம் பரப்பியவர் அப்பாவின் அக்கா. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மா அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். உறவு விட்டுப் போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவரும் அத்தைதான். தம்பிக்காக அம்மாவைச் சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகம் சுற்ற வைத்தார். அம்மா சுற்றினார். பட்டினி கிட என்றார். அம்மா கிடந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், என் தம்பி பெண்டாட்டி கொஞ்சம் அசட்டை என்று அத்தை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மேகம் மூடிய நாளிலும் முழுக்கைச் சட்டையும் குடையுமாகத் தம்பி பள்ளிக்கூடம் போனான். வகுப்பே கிளேபாங் கடற்கரைக்குப் போன அன்று அவனை மட்டும் வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். வந்து என்மேல் கோபத்தைக் காட்டினான். பதினெட்டு வயதில் மூக்கோரத்தில் முதல் கட்டி வந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அதன் பிறகு கன்னம், உதடு, காது மடல் என்று வந்துகொண்டே இருந்தது. ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவனைப் பார்த்துத் தயங்கியபோது அத்தைதான் முந்திக்கொண்டார். இது வம்சத்தில் வருவதில்லை, எல்லாம் இவள் கிரகணத்தில் வெளியே போனதால் வந்த வினை என்றார். அம்மா தலையை ஆட்டினார். கல்யாணம் முடிவாயிற்று. அந்தத் தலையாட்டலுக்காக நான் பல வருஷம் அம்மாவை மன்னிக்கவில்லை.

பிறகு நான் தலைநகரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் வெயிலால் தினமும் சேதம் வரும், நல்ல செல் அதை உடனுக்குடன் பழுது பார்த்துக்கொள்ளும், பழுது பார்க்கத் தெரியாத செல் கடைசியில் புற்றாகும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. மின்மினிப் பூச்சியை ஒளிர வைக்கும் மரபணுவை எடுத்து, புற ஊதா ஒளி காட்டி வேண்டுமென்றே கெடுத்து, செல்லுக்குள் அனுப்ப வேண்டும். செல் அதைச் சரிசெய்துவிட்டால் வெளிச்சம் வரும். சரிசெய்யத் தெரியாவிட்டால் இருட்டு.

தம்பிக்கு அடுத்த கட்டியை வெட்டியபோது அதன் ஓரத்துத் தோலில் ஒரு துண்டு கேட்டேன். "எடுத்துக்கக்கா, மிச்ச மூக்கையாவது எனக்கு விடு" என்றான். அந்தத் துண்டிலிருந்து செல்லை வளர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருமுறை பூஞ்சை பிடித்தது, ஒருமுறை காரணமே இல்லாமல் செத்தது. மூன்றாம் முறை வளர்ந்து, மரபணுவை அனுப்பி, கருவியில் வைத்தால் இருட்டு. துள்ளிக்கொண்டு ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவரிடம் ஓடினேன். மரபணு உள்ளே போனதற்கு என்ன அத்தாட்சி என்றார் அவர். உள்ளேயே போகாவிட்டாலும் இருட்டுதானே. முதல் நாளே கற்றுக்கொடுக்கிற விஷயம். தம்பி என்ற அவசரத்தில் கோட்டை விட்டிருந்தேன். கெடுக்காத இன்னொரு மரபணுவைத் துணைக்கு அனுப்ப வேண்டும், அது வேலை செய்தால் செல்மேல் விடும் சாயம் நீலமாகும். மறுபடி எல்லாம் முதலிலிருந்து. ஒப்பிட என் கையிலிருந்தும் தோல் எடுத்துக் கொடுத்தேன். என் செல் நீலமுமாயிற்று, வெளிச்சமும் தந்தது. தம்பியின் செல் நீலமாயிற்று; வெளிச்சம் இல்லை. உள்ளே போயிருக்கிறது, சரிசெய்யத் தெரியவில்லை. இந்தக் குறை அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு கெட்ட மரபணு சேர்ந்தால்தான் வரும். சொந்தத்துக்குள் கட்டினால் சேருவது சுலபம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அறிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் மலாக்காவுக்குப் போனேன். அத்தை முன்னால் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டப்போகிறேன் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். அத்தை முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மின்மினியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கிரகணத்தில் வெளியே போனதால் ஒன்றும் ஆகவில்லை, இனி யாராவது கேட்டால் தலையாட்டாதீர்கள் என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் எங்க வெளிய போனேன்? அன்னிக்கிப் பூரா கதவ சாத்திட்டு உள்ளதான் படுத்திருந்தேன்."

பிறகு ஏன் இத்தனை வருஷம் ஆமாம் ஆமாம் என்றீர்கள் என்று கத்திவிட்டேன். அம்மா முன்னறைப் பக்கம் பார்த்து, மெதுவாகப் பேசச் சொன்னார். தம்பிக்குக் கண் வீங்கித் தூக்கிக்கொண்டு போன அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டராம். தமிழிலேயே விசாரித்திருக்கிறார். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டு, இது ரத்தத்தில் வருவது என்று அப்போதே சொல்லிவிட்டாராம்.

"ரத்தத்துல இருக்குன்னு வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்? கிரகணம்னா என்னோட போயிரும். அதான் அத்தை சொல்லச் சொல்ல சரி சரின்னேன்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் நவக்கிரகத்தைச் சுற்றியிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் பட்டினி கிடந்திருக்கிறார். நான் பாத்திரத்தை உருட்டியதும், மன்னிக்காமல் இருந்ததும் எனக்காகவே நடந்த ஒரு காரியத்துக்கு எதிராகத்தான். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போதாவது அத்தையிடம் சொல்லிவிடலாம், எனக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே என்றேன்.

அம்மா ஆய்ந்த கீரையைக் கூடையில் போட்டார். "வாய மூடிக்கிட்டு இரு. உன் மவளுக்கு மாப்பிள்ள பாக்க வேணாமா?"

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.