கவிழ்த்து வைத்த பூட்ஸ்

போன வாரம் எங்கள் சுரங்க ஊர் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தைவானில் யாரோ மூத்த தலைவராம். சீனர்களில் ஹக்கா வம்சமாம். சின்னப் பதவியில் ஆரம்பித்து மேலே போனவராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "ஹக்காவா? அது நூடுல்ஸ் ஆச்சே" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரிலேயே ஒரு ஹக்கா தேர்தலில் நின்று ஜெயித்த கதை இவனுக்கு எங்கே தெரியும்?

உடனே மூக்கில் தோல் வாசனை. லில்லி அக்காவின் பூட்ஸ் கடை வாசனை அது. அக்காவின் தாத்தா சீனாவிலிருந்து கல்கத்தா வந்து, பிறகு இங்கே வந்து சுரங்கத்துக்காரர்களுக்கு பூட்ஸ் தைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அக்கா பேசுவது என் சித்தி பேசுவது மாதிரியே இருக்கும்.

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், அக்காவே நகரசபைத் தேர்தலில் நின்றாள். எதிரே ஒரு ஜவுளிக்கடை முதலாளி. காசு நிறைய, மூளை கொஞ்சம். சீனாக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று மேடை போட்டுக் கேட்டார். அக்கா கடை வாசலில் நின்றே பதில் சொன்னாள்.

"நான் வந்தவதாண்ணா. நீங்க இன்னா, இங்கியே மொளைச்சீங்களா? எல்லாரும் மூட்டையோட வந்து எறங்குனவங்கதான."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓட்டாகுமா என்பதுதான் எங்கள் பயம். அவள் தோற்றால் தண்ணீர் போச்சு.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் பூட்ஸை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுப்பான். கவிழ்ந்த பூட்ஸ் இருந்தால் அந்தக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். பிள்ளைகள்கூட அங்கே கத்தி விளையாடாது. முதலாளி ஒரு காலையில் தம்பட்டம், பட்டாசு, மைக் கட்டிய ஜீப் சகிதம் உள்ளே நுழைந்தார். நானும் அப்போது நைட் ஷிப்ட். அப்போதுதான் கண் அசந்திருந்தேன். அவிழ்ந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து நான் சொன்னதை எழுத முடியாது. லைன் முழுக்க அதையேதான் சொன்னது.

மத்தியானம் அக்கா வந்தாள். பூட்ஸ் கவிழ்ந்த வீடுகளை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"போய்த் தூங்கு தம்பி. ஓட்டு எங்கியும் ஓடாது, சாயந்திரம் வரேன்" என்றாள், கிசுகிசுப்பாக.

ஓட்டு எண்ணும்போது முதலாளி பாதியிலேயே எழுந்து போனார். அவருடைய தம்பட்டக்காரர்களையே பிடித்து நாங்கள் ஊர்வலம் வந்தோம். லைன் முனையில் அக்கா கையைக் காட்டினாள். தம்பட்டம் நின்றது. மாலையும் கழுத்துமாக அக்கா முன்னே போக, அத்தனை பேரும் மூச்சு விடாமல் நடந்தோம். அடுத்த முனை தாண்டியதும் போட்டோம் பாருங்கள் ஒரு ஆட்டம்!

குழாய் வந்தது. பிற்பாடு அக்கா நகரசபைத் தலைவியும் ஆனாள். நின்ற தேர்தல் எதிலும் தோற்கவில்லை. நூடுல்ஸ்காரனிடம் சொன்னேன்: "நீ குடிக்கிற டீ, அந்த ஹக்கா கொண்டாந்த தண்ணி." அவன் எனக்கும் ஒரு டீ சொன்னான்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல். அக்காவும் இல்லை. பூட்ஸ் கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. இப்போதும் தேர்தல் வந்தால் விடிந்ததும் ஸ்பீக்கர் அலறுகிறது. எவ்வளவு அலறினாலும் திட்ட ஒருத்தன் வெளியே வருவதில்லை. எந்த வாசலிலும் பூட்ஸ் கவிழ்ந்திருப்பதில்லை.