பன்றிக்குப் பின்னால்

பண்டார் தெங்காரா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்று நாசம் செய்ததால், துப்பாக்கி உரிமம் எடுத்தேன். முதல் நாள் மாலை, ஏற்கெனவே வேட்டைக்குப் போய்ப் பழகிய மச்சான் குமார் துணைக்கு வந்தார்.

"பன்னிய மட்டும் பாக்காதீங்க மச்சான். பின்னால என்னா இருக்குன்னு பாத்துட்டுத்தான் சுடணும் லா," என்றார்.

கொசுக்கடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பெரிய பன்றி ஒன்று புதரை விட்டு வெளியே வந்து நின்றது. குறி வைத்தேன். விரல் விசையைத் தொட்டபோதுதான் குமார் சொன்னது ஞாபகம் வந்தது. பன்றியைத் தாண்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஒரு மரத்தடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. குனிந்து, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலைத்துணி அது.

துப்பாக்கியைத் தாழ்த்தினேன். பன்றி ஓடிவிட்டது.

அது ஓடிய சத்தம் கேட்டு அந்தப் பெண் எங்களிடம் வந்தார். பக்கத்துத் தோட்டத்து மாரியக்கா.

"அலமாக்! துப்பாக்கிய வச்சிக்கிட்டே விட்டுட்டீங்களா? என் மரவள்ளி பூரா அதுதான் தின்னுச்சு. ஆம்பள ரெண்டு பேரு இருந்து என்னா பிரயோஜனம்?"

குமார் என்னைப் பார்த்தார்.

"பயந்துட்டேன்க்கா," என்றேன். அது பொய்யும் இல்லை.

எங்கள் கம்பத்தில் வீடு வீடாக அதைச் சொல்லிச் சிரித்தார் அக்கா. இன்றும் வழியில் பார்த்தால், "என்னா தம்பி, பன்னி சௌக்கியமா?" என்று கேட்பார். நானும் சிரித்துவிட்டுப் போவேன். அவர் கேலி செய்வதைக் கேட்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.