மூன்று முறை பூட்டியிருந்த வீடு

வாயில் வைத்த கேக்கை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் வழியில்லை. பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறை மொத்தமும் கூட்ட அறையில் நின்று அவளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியைக்குப் பெரிய ஆராய்ச்சி நிதி கிடைத்திருந்தது. ஐந்து வருடம், பத்து ஊர், வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டி. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் முறை எழுதி, ஒருவழியாக வந்து சேர்ந்த நிதி. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தார். மற்ற நாளில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தத் துறைக்குக் காற்றுகூட வீசாது.

பேராசிரியை முதல் துண்டை வெட்டி, கடைசியில் சுவரோடு சுவராக நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவள் வாயில் ஊட்டியும் விட்டார். "நாம எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தோம். அந்தப் பூஜ்யத்தைத் தெருத்தெருவா நடந்து கொண்டு வந்தது இவங்கதான்" என்றார்.

பூஜ்யம் என்றது சுவரில் ஒட்டியிருந்த தாளில் பெரிதாக அச்சடித்த பூஜ்யத்தை. முந்தைய ஆராய்ச்சியில் வடிகட்டி கொடுத்த அறுநூறு வீடுகளில் ஒரு வருடத்தில் வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகள் பூஜ்யம். கொடுக்காத அறுநூறு வீடுகளில் ஐந்து. நிதி கொடுத்தவர்கள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று துறையில் பேச்சு. அது பூஜ்யம் இல்லை, ஒன்று என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வரும். பதினொரு வருடமாக அந்த ஒரு வரிக்குள்தான் அவள் குடியிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு, உன் பேரு எங்கம்மா என்று கேட்டபோது, "பன்மையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். கையெழுத்தைவிடக் கால்தான் அதிகம் தேவைப்பட்டது என்று பிறகு தெரிந்தது. தராசு, உயரம் அளக்கும் பலகை, தண்ணீர் பிடிக்கும் புட்டிகள், படிவக் கட்டு எல்லாம் அடைத்த ஒரு பெரிய தோள்பை. தெருக் குழந்தைகளுக்கு அவள் 'பை அக்கா'. ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு, ஒரு வருடத்துக்கு மூன்று ஜோடிச் செருப்பு. எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் முன்னால் எந்த மருமகள் வாயைத் திறக்கமாட்டாள், அந்த மாமியார் எத்தனை மணிக்குக் கடைக்குப் போவாள் என்பதும் தெரியும். இதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமில்லை.

வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். நிதி முடிகிற மாதம் வந்துவிட்டால் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பாள். இப்போது ஒரே மூச்சில் ஐந்து வருடம் என்று கேள்விப்பட்டதும், பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "நம்ம கல்யாணத்துக்கே யாரும் அவ்வளவு உத்தரவாதம் தரலையே" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

கணக்கில் வராத அந்த ஒன்று, இருநூற்றுப் பதினான்காம் எண் வீட்டில் இருந்தது. கால்வாய் ஓரக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, படிக்கட்டை ஒட்டிய கதவு. கணவன் வெளியூரில் கட்டட வேலை. மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துச் சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பவள். ஒரே பெண் குழந்தை, பதினான்கு மாதம். தராசில் உட்கார வைத்தால் இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முறை போனபோது தையல்காரி கதவைப் பாதி திறந்து, "அவ இல்லக்கா" என்றாள். தூங்குகிறாளா என்று கேட்க வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை, கணவனுடைய ஊருக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள், அங்கே ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் உயிர் போய்விட்டது. அடக்கம் செய்ததும் அங்கேயேதான். ஆகவே இந்த ஊரின் இறப்புப் பதிவில் அந்தக் குழந்தை வராது. எழுதினால் அவள் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

எழுதுவதற்கென்று ஒரு படிவம் உண்டு. இறப்புப் படிவம், நாற்பத்தொரு கேள்வி. எப்போது ஆரம்பித்தது, மலத்தில் ரத்தம் இருந்ததா, கண் குழிவிழுந்திருந்ததா, கடைசியாக எப்போது பால் குடித்தது. ஒரு மாதத்துக்குள் தாயிடமே நேரில் கேட்க வேண்டும். வேறு வீடுகளில் கேட்டிருக்கிறாள். கேட்டு முடித்து எழும்போது அந்தத் தாய்மாரின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பையைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கினாள். படிக்கட்டில் நின்று அன்றைய தாளில் ஏழு என்று எழுதினாள். ஏழு என்றால் 'வீடு பூட்டியிருந்தது'.

அடுத்த முறையும் ஏழு. அதற்கடுத்த முறை மாடி ஏறவே இல்லை. மேலே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கீழே நின்றபடியே 'பூட்டியிருந்தது' என்று எழுதினாள். தொடர்ந்து மூன்று ஏழு வந்தால் அந்த வீட்டைக் கம்ப்யூட்டரே 'ஊர் மாறியவர்கள்' பட்டியலில் தள்ளிவிடும். பிறகு அந்தக் குழந்தை எந்தக் கூட்டலிலும் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைத்துவிட்டாள், அதுவும் மூன்றே கவளத்தில்.

பெற்ற வயிற்றை ஏன் கிளற வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. தன்னை ஏமாற்றிக்கொள்ள மனுஷிக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. அன்றிலிருந்து கால்வாய்ப் பக்கம் வேலை இருந்தால் பின் தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

கேக் வெட்டிய மறுநாள் காலை, கணவர் வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் லேஸைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டார். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதே என்றார். அந்த ஒரு குழந்தை இனி வரப்போவதில்லை, பத்து ஊர்க் குழந்தைகளுக்கு வடிகட்டி வரப்போகிறது, அதில் போய் மண்ணை அள்ளிப் போடுவாயா என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டினாள்.

ஐந்தாம் நாள் பேராசிரியை அவளைக் கூப்பிட்டு ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார். புதிதாக எடுக்கப்போகும் இருபது களப்பணியாளர்களுக்குப் பயிற்சி. பாடம் எடுப்பது அவள். எழுந்து நின்று சொல்லித்தர இந்தத் துறையில் உங்களைவிட யார் இருக்கிறார்கள் என்றார், பெருமையாகத்தான். இருக்கைக்குத் திரும்பிப் புரட்டிப் பார்த்தாள். நான்காம் பக்கத்தில் இருந்தது: 'ஏழு என்று எப்போது எழுத வேண்டும், எப்போது எழுதக் கூடாது.' இருபது முகங்கள் முன்னால் அந்தப் பக்கத்தை எப்படி வாசிப்பாள்? மதியம் வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டினாள்.

நின்றுகொண்டே சொன்னாள். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வீட்டு எண் என்ன, தேதி என்ன, அந்த வீட்டில் வடிகட்டி வேலை செய்ததா என்று மூன்றே கேள்வி கேட்டார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவருக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக அவளுக்குள் ஓடியதும் அதுதானே. கதவு சாத்தியிருந்தது, அறையில் இருந்தது இரண்டு பேர்தான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பூஜ்யத்துக்குப் பதிலா ஒண்ணுன்னு எழுதியிருப்பேன்" என்றார் கடைசியில். "அஞ்சுக்கு ஒண்ணு. அதுவும் நல்ல கணக்குதான். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. இப்ப அது பொய்யா ஆயிடுச்சு. என் கையெழுத்துப் போட்ட பொய்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நிதி கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும், அவர்கள் நிறுத்தி வைக்கலாம், திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம், உங்கள் வேலையைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வாய்ச்சொல்லை வைத்துக் கடிதம் எழுத முடியாது, இறப்புப் படிவம் வேண்டும், தாமதமாகி விட்டாலும் வேண்டும். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"இல்ல மேடம். நானே போறேன்" என்றாள்.

அடுத்த நாள் காலை முன் தெரு வழியாகவே போனாள். கதவு திறந்திருந்தது. தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை, ஆனால் மிஷினை நிறுத்திவிட்டுக் காலர் குவியலை ஒதுக்கி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காராமலே மன்னிப்புக் கேட்டாள். அப்போதே எழுதியிருக்க வேண்டியது, உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்று விட்டுவிட்டேன், இப்போது கேட்க வந்திருக்கிறேன், விருப்பமில்லை என்றால் போய்விடுகிறேன் என்றாள்.

"அன்னைக்கே கேப்பீங்கன்னு நினைச்சேன்" என்றாள் தையல்காரி. "பின் தெருவுல ஒரு பையன் இறந்து போனப்ப ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினீங்களாமே, அவன் அம்மா சொன்னா. எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் எழுத வரலன்னு இருந்துச்சு. நீங்க சுத்திக்கிட்டுப் போறதை இந்த ஜன்னல்லேருந்து பார்ப்பேன். என் பொண்ணு கணக்குல வர்ற அளவுக்குப் பெருசில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கேட்டவளுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இரக்கம் என்று இரண்டு வருடம் தான் தூக்கிச் சுமந்ததை இந்தத் தாய் இப்படியா எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள்.

தையல்காரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். நாள், நேரம், கொடுத்த மருந்தின் நிறம், எந்த பஸ், எந்த நிறுத்தம். வடிகட்டியில் வடிகட்டின தண்ணீரைத்தான் கொடுத்தேன், ஒரு நாள் தவறவில்லை என்றாள். யாராவது வந்து கேட்பார்கள் என்று ஒரு எழுத்து மறக்காமல் காத்திருந்தவள் போலச் சொன்னாள். பதினாறு கேள்வி வரை பேனா நிற்கவில்லை.

பதினேழாவது கேள்வி: 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு வெளியே முதலில் யாரிடம் சொன்னீர்கள்?' இந்தக் கேள்வி இந்த இடத்தில் வரும் என்று அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். படிவத்தைப் பையிலிருந்து எடுக்காததற்குக் காரணம் இதுதான், மற்றதெல்லாம் மேல்பூச்சு. வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்டதான்க்கா" என்றாள் தையல்காரி.

பதினெட்டாவது: 'அவர் என்ன செய்தார்?' அதைத் தாளைப் பார்த்தபடியே அவசரமாக வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"செவ்வாய்க்கிழமை நீங்க வந்திருந்தீங்க. பிள்ளைக்கு நேத்துலேருந்து போகுதுன்னு சொன்னேன். எத்தனை தடவைன்னு கேட்டீங்க. ஆறுன்னேன். ஆறுன்னு எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க." தையல்காரி இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தைச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

அன்றைக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி, மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டுப் புத்தகம் பைக்குள்ளேதான் இருந்தது. ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பதினொரு வருடத்தில் ஆறு தடவை, ஏழு தடவை, எட்டுத் தடவை என்று எத்தனை குழந்தைகளுக்கு எழுதியிருப்பாள். ஒன்றும் ஆகாமல் போன குழந்தைகள்தான் அதிகம். அந்தப் பழக்கத்தில் எழுதியது அந்த ஆறு.

பதினேழாவது கேள்விக்குக் கீழே கட்டங்கள் இருந்தன. உறவினர், பக்கத்து வீட்டார், மருந்துக் கடைக்காரர், மருத்துவர், மற்றவர். பக்கத்து வீட்டார் என்று ஒரு கோடு போட்டால் யாரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. பேனா அந்தக் கட்டத்தின் மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'மற்றவர்' கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரையும் பணி எண்ணையும் எழுதினாள். பதினெட்டாவதற்குக் கீழே, தாய் சொன்ன சொற்களிலேயே எழுதவும் என்று அச்சடித்திருந்த இடத்தில், சொன்னபடியே எழுதினாள்.

"என்ன எழுதினீங்க? படிச்சுக் காட்டுங்க" என்றாள் தையல்காரி.

படித்தாள். ஆறு என்ற இடம் வந்ததும் தாளில் எழுத்துத் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசிச் சொல் வரை படித்து முடித்தாள். தையல்காரி மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 

"ஆமா, அப்படித்தான்" என்றாள். "பாதிக்கு மேல இன்னும் இருக்குல்ல. கேளுங்க."